துடியலூர், காந்திபுரம், திருப்பூர்: மகளுக்கு ஒரு வேலை பேண்ட் தேடிய சனிக்கிழமை

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்குள் எழுபத்திரண்டு வயதில் நான் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் ஒரு பம்பு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். இயந்திரங்களுக்கு அருகில் துப்பட்டா கூடாது, பெண்களும் பேண்ட் சட்டையில்தான் வர வேண்டும் என்று அங்கே புதிய விதி வந்திருக்கிறது. நியாயமான விதிதான். ஆனால் ஆறு மாதத்துக்கு முன் அவளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. கடைப் பேண்ட்டின் பட்டன் சரியாகத் தழும்பின்மேல் உட்காருகிறது. ஆன்லைனில் வாங்கிய மூன்றையும் திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்த வாரத்துக்குள் பேண்ட் கிடைக்காவிட்டால் அவளைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றிவிடுவார்கள். பதினான்கு வருடம் கற்ற வேலை கையைவிட்டுப் போகும். சனிக்கிழமையும் அவளுக்கு விடுமுறை இல்லை. ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியன் நான். வீட்டில் சும்மா இருப்பவன். ஆகவே நான் கிளம்பினேன்.

தேவை மூன்றுதான். வயிற்றை அழுத்தாத இடுப்பு. குத்தவைத்து உட்கார்ந்து எழத் தாராளம். செல்போனும் அளவெடுக்கும் வெர்னியர் கருவியும் கொள்ளும் பாக்கெட். ராக்கெட் ஒன்றும் கேட்கவில்லை.

காலை 9.10-க்கு துடியலூரில் டவுன் பஸ் ஏறி, பத்து கிலோமீட்டர் தூரத்திலுள்ள காந்திபுரத்தில் 9.45-க்கு இறங்கினேன். ஒரு பெரிய ஜவுளிக் கடையின் மூன்றாம் மாடி. பெண்கள் பிரிவில் தனியாக நிற்கக் கூச்சமாக இருந்தது. விற்பனைப் பெண் நல்ல மரியாதை தெரிந்தவர். நம் ஊரில் ‘இல்லை’ என்று யார்தான் சொல்கிறார்கள்? “இருக்குங்க சார், வாங்க” என்று லெக்கின்ஸ் எடுத்துப் போட்டார். வேலைக்கு என்றேன். கால் அகலமாகத் தொங்கும் பலாஸோ வந்தது. இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும் என்றேன். உடம்போடு ஒட்டும் ஜீன்ஸ் வந்தது. அதில் பாக்கெட் தெரிந்ததே என்று விரலை விட்டேன். விரல் போகவில்லை. தைத்து மூடியிருந்தது.

“அது ஷோவுக்குங்க சார்.”

“திறக்காத பாக்கெட் எதுக்குங்க?”

“லேடீஸ்தான் ஹேண்ட்பேக் வெச்சிருப்பாங்களே சார்?”

இயந்திரத்துக்கு அடியில் குனியும்போது கைப்பையை எங்கே மாட்டுவது? இதைக் கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. கீழ்மாடியில் ஆண்கள் பிரிவு. 899 ரூபாய்ப் பேண்ட்டில் ஆறு பாக்கெட், அத்தனையும் திறந்தவை. மேலே பொய்ப் பாக்கெட்டுக்கு 1,199. மாடி ஏறி இறங்கி இரண்டு விலைச்சீட்டையும் மறுபடி பார்த்தேன். நான்தான் தவறாகப் படிக்கிறேனோ என்ற சந்தேகம். தவறில்லை.

சரி, உலகத்துக்கே தைக்கிற ஊர் பக்கத்தில் இருக்கிறதே என்று திருப்பூருக்குப் பஸ் ஏறினேன். சுமார் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். ஏற்றுமதியில் மிஞ்சிய துணி விற்கும் சந்துகளில் மதியம் இரண்டு மணிவரை அலைந்தேன். ஐந்தாவது கடையின் குவியலில் அது இருந்தது! பெண்களுக்கான வேலை பேண்ட். கெட்டிப் பருத்தி, பட்டன் இல்லாத அகல எலாஸ்டிக் இடுப்பு, எட்டு பாக்கெட். ஆனால் ஆறடி உயரப் பெண்ணுக்கானது. என் மகளுக்கு மார்புவரை வரும்.

“சின்ன சைஸ் இருக்குங்களா?”

“இதெல்லாம் வெளிநாட்டு அம்மணிகளுக்குங்க. நம்மூர்ல இத யாருங்க கேக்கறா?” என்றார் கடைக்காரர்.

“நான் கேக்கறனுங்களே” என்றேன். சத்தம் வரவில்லை போலும், அவர் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

மாதிரிக்காகவாவது இருக்கட்டும் என்று 350 ரூபாய்க்கு அதை வாங்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். பனியன் கம்பெனிப் பெண்கள் இருவர், சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு நின்றிருந்தார்கள். என் கையிலிருந்த பேண்ட்டைப் பார்த்து ஒருவர் சிரித்தார். “ஏனுங்க, உங்களுக்குங்களா?”

“மகளுக்குங்க. வேலைக்கு.”

“நாங்க தெனமும் இதுல பாக்கெட் வெக்கறமுங்க. எங்களுக்குன்னு இருக்கறது இந்தச் சட்டைப் பாக்கெட் ஒண்ணுதான். அதுவும் ஊட்டுக்காரரோடது!”

பக்கத்திலிருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாலை 5.30-க்குத் துடியலூர் திரும்பி, நேராக ஜென்ட்ஸ் டெய்லரிடம் போனேன். மாதிரியைத் திருப்பிப் பார்த்தார். “தெச்சுப்போடலாங்க. ஆனா லேடீஸுக்கு நான் அளவு எடுக்கறதில்லீங்க. அளவு பேண்ட் கொண்டாங்க.” பொருந்துகிற பேண்ட் இருந்தால் நான் எதற்கு ஐயா இங்கே வருகிறேன்?

மூன்று கடை தள்ளி லேடீஸ் டெய்லர் அம்மா. “அளவு எடுப்பனுங்க. பேண்ட் தெக்கறதில்லீங்க, சுடிதார்னா தாங்க.”

ஒருவர் தைப்பார், அளவெடுக்க மாட்டார். மற்றவர் அளவெடுப்பார், தைக்க மாட்டார். நடுவில் என் மகளின் வேலை. வகுப்பில்கூடக் குரல் உயர்த்தாதவன் நான். அன்று தெருவில் நின்று கத்திவிட்டேன்.

“அப்ப வேலைக்குப் போற பொம்பள எங்கதாங்க போறது?”

கோபத்திலும் ‘ங்க’ விடவில்லை. இருந்தாலும் ஜென்ட்ஸ் டெய்லர் கத்தரியோடு வெளியே வந்துவிட்டார்.

“நான் அளவெடுத்துத் தாரேன், நீங்க வெட்டுங்கண்ணா” என்றார் அந்த அம்மா.

“உக்காரயில கிழிஞ்சா என்னையச் சொல்லப்படாது.”

“உக்கார வெச்சும் அளவெடுக்கறேன், போங்க.”

ஞாயிறு அளவு, வெள்ளியன்று பேண்ட் தயார். இதே தேவையோடு கிளம்புகிறவர்களுக்கு: கடைகளில் நாளைக் கழிக்காதீர்கள். கெட்டிப் பருத்தி இரண்டரை மீட்டர் 600 ரூபாய், தையல் 450. பாக்கெட் ஆழத்தை உங்கள் போனை வைத்தே குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு டெய்லரையும் ஒரே நேரத்தில் பேச வையுங்கள். கூச்சப்படாதீர்கள், நான் பட்டதில் அரை நாள் போயிற்று.

திங்கள் மாலை மகள் வந்து செருப்பைக் கழற்றினாள். பழைய இடத்தில்தான் வேலை பார்த்திருக்கிறாள். பேண்ட் எப்படி இருந்தது என்று கேட்டேன். யோசித்தாள்.

“இன்னிக்கு அது ஞாபகமே வரலீங்கப்பா.”

முப்பத்தாறு வருடம் வேலைக்குப் போனேன். என் பேண்ட் எனக்கு ஒரு நாளும் ஞாபகம் வந்ததில்லை.