லூர்து எழுதியது நன்றாக இருந்தது

என் மனைவிக்கு இலக்கியம் படிக்கும் தகுதி இல்லை என்று அவளுடைய ஆசிரியையே சொல்லிவிட்டதாக நான் அவளிடம் சொன்னேன். அது பொய். ஆசிரியை சொன்னது நேர்மாறானது. அதைக் கேட்ட ஒரே ஆள் நான்தான். கேட்டேன்... அழித்துவிட்டேன்.

உங்களை எனக்குத் தெரியாது, என்னையும் உங்களுக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன். ஒவ்வொரு தவக்காலத்திலும் எங்கள் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். கோபப்பட்டேன், பூசைக்குப் போகவில்லை, தொழிலில் பொய் பேசினேன்... அவரும் செபம் சொல்லச் சொல்லி அனுப்பி வைக்கிறார். இந்த ஒன்றை மட்டும் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறேன். வேண்டுமென்றே ஒரு பாவத்தை மறைத்தால் மற்றவற்றுக்குக் கிடைத்த மன்னிப்பும் செல்லாது என்று சின்ன வயதில் கோயிலில் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படியானால் இந்த இரண்டு வருடங்களாக எனக்கு எந்த மன்னிப்பும் கிடைக்கவில்லை.

செஞ்சியில் பத்திரம் எழுதுவது என் தொழில். கிழக்கே இன்னார் நிலம், மேற்கே ஓடை, வடக்கே வண்டிப்பாதை என்று நான்கு எல்லைகளையும் எழுதி எழுதியே தலை நரைத்தது. தொண்டூர்ப் பக்கமிருந்தும் தளவானூர்ப் பக்கமிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள், "அவரு தமிழு மாதிரி வராதுப்பா" என்று சொல்லிக்கொண்டே என் மேசைக்கு வருவார்கள். அந்தப் பேச்சை நான் எவ்வளவு நம்பியிருந்தேன் என்பது, லூர்து படிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

லூர்து என் மனைவி. பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தி எனக்குக் கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் மகள் ஜெனி ஒன்பதாவது படித்த வருடம், சென்னையிலிருந்து ஒரு கல்லூரி இணையத்தில் இலக்கிய வகுப்பு நடத்துவதாக யாரோ லூர்துவிடம் சொல்லியிருக்கிறார்கள். பழைய செய்யுளும் நாவலும் பாடம். ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வகுப்பு. தயங்கித் தயங்கித்தான் என்னிடம் கேட்டாள். நானே விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். என் பழைய போனையும் என் பெயரில் இருந்த நம்பரையும் கொடுத்தேன். பெண்டாட்டியைப் படிக்க வைக்கிறேன் என்று கடைத்தெருவில் நாலு பேரிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. பழைய அகப்பாட்டில் பேசுகிறவர்கள் தலைவி, தோழி, தலைவன் என்று சிலரே. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று புரிந்தால்தான் பாட்டு புரியும். அதனால் ஆசிரியை மாணவர்களுக்கு ஆளுக்கொரு வேடம் கொடுத்து, பாட்டில் உள்ளதை அவரவர் ஊர்ப் பேச்சில் பேசச் சொல்வாராம். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன். உள்ளறையில் லூர்துவின் குரல்.

"வரேன்னு சொன்ன நாளு போயிடுச்சு. உன் வண்டிச் சத்தம் கேக்குதா கேக்குதான்னு இன்னமும் காத வச்சிக்கினு இருக்கிறேன். சோறு கூட எறங்கல."

ஓர் ஆணின் குரல், தெற்கத்திப் பேச்சில், பதில் சொன்னது. "வந்துட்டேம்லா, ஏன் அழுத?"

கறிப்பையோடு அப்படியே நின்றேன். என்னிடம் அவள் அந்தக் குரலில் ஒருநாளும் பேசியதில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய்ப் போனைப் பிடுங்கினேன். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் பத்துப் பதினைந்து முகங்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். லூர்து அவசரமாகப் பேச்சு வெளியே போகாமல் அமர்த்திவிட்டு, "பாட்டுங்க இது. நான்தான் தலைவி, அவரு தலைவன். எங்க மிஸ்ஸு அப்டித்தான் பேசச் சொல்லுவாங்க" என்றாள். வெட்கமும் சிரிப்புமாகச் சொன்னாள். தலைவனாகப் பேசியவர், ஓய்வு பெற்ற கிழவர், கையெடுத்துக் கும்பிட்டார்.

சந்தேகப்பட்டேன், சந்தேகத்தில் புத்தி கெட்டுச் செய்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம். நீங்களும் நம்புவீர்கள், ஒருவேளை இரங்கவும் செய்வீர்கள். ஆனால் எனக்கு எல்லாம் அன்றைக்கே புரிந்துவிட்டது. சந்தேகம் அன்றைக்கே தீர்ந்தது. தீராதது வேறொன்று... அத்தனை பேருக்கு நடுவே அவள் பேசுகிறாள், அவர்கள் கேட்கிறார்கள். என் தமிழை நம்பி வருகிறவர்கள் யாரும் ஒருநாளாவது என் சொற்களுக்காகச் சிரித்ததோ கண் கலங்கியதோ உண்டா? நான் எழுதுவதை யார் படிக்கிறார்கள்? கையெழுத்துப் போட இடம் எங்கே என்றுதான் பார்க்கிறார்கள்.

பிறகு அந்தக் கட்டுரை வந்தது. பிடித்த ஒரு பாட்டைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டும். லூர்து ஒரு வாரம் எழுதினாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு எழுதினாள், பால் பொங்கி வழிந்தது. தலைவனைக் காணாமல் தலைவி தோழியிடம் புலம்பும் ஒரு பாட்டு அது. "அனுப்பிட்டேங்க. படிச்சிட்டுச் சிரிக்கப் போறாங்க" என்று நாலு நாள் பயந்துகொண்டே இருந்தாள். என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் போனில் ஆசிரியையின் குரல்பதிவு வந்தது. எடுத்துக் கேட்டேன்.

"லூர்துமேரி, உங்க கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன். இத்தனை வருஷமா இந்தப் பாட்டை நடத்துறேன், எனக்கு இப்படித் தோணினதே இல்லை. வருஷக் கடைசியில எல்லாரும் சென்னையில நேர்ல கூடுறோம். அதுல நீங்க இதை வாசிக்கணும். நிறுத்தாம எழுதுங்கம்மா."

உடனே கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்தேன். பாட்டில் தலைவி அழுகிறாள், ஆனால் எனக்குத் தோழியைத்தான் பார்க்கத் தோன்றுகிறது என்று ஆரம்பித்திருந்தாள். தோழிக்கும் தூக்கம் வந்திருக்கும். அவளுக்கும் மனதில் ஒருவன் இருந்திருப்பான். அவள் எல்லாருடைய துயரத்தையும் கேட்கிறாள், தூது போகிறாள், சமாதானம் சொல்கிறாள், உனக்கு என்ன வேண்டும் என்று அவளை யாரும் கேட்கவில்லை... இப்படிப் போனது. எழுத்துப் பிழைகள் இருந்தன. படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். நல்ல எழுத்து எது என்று எனக்குத் தெரியும். அது தெரியாதவனாக இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

குரல்பதிவை அழித்தேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக வகுப்பிலிருந்து விலகிக்கொள்வதாகவும், இது குறித்து மேற்கொண்டு தொடர்புகொள்ள வேண்டாம் என்றும் அவள் எழுதுவதுபோல் ஆசிரியைக்கு எழுதினேன். பத்திரத் தமிழ் அல்லவா, ஒரு பிழையில்லை. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை வெளியேற்றி, ஆசிரியையின் எண்ணிலிருந்து மறுபடி எதுவும் வராதபடி தடுத்தும் வைத்தேன்.

அரிசிப் பையை இறக்கி வைத்ததும் போனைத்தான் எடுத்தாள். "என்னங்க, குரூப்ல நான் இல்லியே" என்றாள். விசாரிக்கிறேன் என்று போனோடு வாசலுக்குப் போய், யாரிடமோ பேசுவதுபோல் பேசிவிட்டு உள்ளே வந்தேன். "உன் கட்டுரை தேறலியாம். இந்த லெவலுக்கு நீ சரிப்பட மாட்டேன்னு எடுத்துட்டாங்களாம்" என்றேன்.

அவள் சண்டை போட்டிருக்கலாம். நானே பேசிப் பார்க்கிறேன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "அப்டியா" என்றாள். பிறகு அரிசியைக் கொட்டிப் புடைக்கப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு வரி எழுதவில்லை. புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். மளிகைச் சீட்டைக் கூட ஜெனியைத்தான் எழுதச் சொல்கிறாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? படிக்க ஆரம்பித்தேன்! அந்த ஆசிரியையின் பழைய வகுப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆள் வராத நேரங்களில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். செய்யுள் வகுப்பு எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். நாவல் வகுப்பில் கணவன்மார்களைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் கழற்றிவிடுகிறேன். எதற்காகக் கேட்கிறேன்? பரிகாரமா, திருட்டின் தொடர்ச்சியா, எனக்கே தெரியவில்லை. "நீங்களாவது படிக்கிறீங்களே" என்று லூர்துவுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடியவில்லை.

போன வாரம் ஜெனி புத்தகத்தோடு அவள் அம்மாவிடம் போனாள். இப்போது பதினொன்றாவது படிக்கிறாள். பாடத்தில் ஓர் அகப்பாட்டு.

"எங்கிட்ட ஏன் எடுத்தாற? எனக்கு இதெல்லாம் ஏறாதுன்னு பெரிய படிப்பு படிச்சவங்களே சொல்ட்டாங்க. நைனாவக் கேளு" என்றாள் லூர்து. வருத்தமாகக் கூடச் சொல்லவில்லை. உயரம் பத்தாது, பரணில் இருப்பதை நீ எடு என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

நான் விளக்கினேன். தலைவி பேசுகிறாள், தோழி கேட்கிறாள்... சொல்லிக்கொண்டே போனவன், என்னை அறியாமல் தோழியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவளுக்கும் தூக்கம் வந்திருக்கும், அவளை யாரும் கேட்கவில்லை என்று. வார்த்தைக்கு வார்த்தை லூர்து எழுதியதுதான். எத்தனை முறை படித்திருக்கிறேன், மனப்பாடமே ஆகிவிட்டது.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த லூர்து கையை நிறுத்தினாள். போச்சு, தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். தெரியட்டும், தெரிந்து தொலையட்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"ஏங்க, நானும் அப்ப இந்த மாதிரிதாங்க எழுதுனேன்" என்றாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே தோணியிருக்குது பாருங்களேன்."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "நீங்க சொன்னா நல்லாத்தான இருக்குது. அப்ப நான் எழுதுனதுல இன்னா தப்பு? உங்ககிட்டதானே பேசுனாங்க, எதனா சொன்னாங்களா?"

ஜெனி என்னைப் பார்த்தாள். லூர்துவும் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும், தப்பே இல்லை என்று. வாயைத் திறந்தேன்.

"சொந்தக் கருத்து ஜாஸ்தி. பாட்டுல ஆதாரம் காட்டலன்னு சொன்னாங்க" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்தப் பதில்? அவ்வளவு சரளமாக! லூர்து மெல்லத் தலையசைத்தாள். கேள்வி தீர்ந்துபோன நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது.

"அது நெசந்தான். ஆதாரம் ஒண்ணும் காட்டல நான்" என்றாள். "அப்பவே சொல்லியிருந்தா திருத்தி எழுதியிருப்பேனே."

சொல்லிவிட்டு மறுபடி தேங்காயைத் துருவ ஆரம்பித்தாள். ஜெனி நோட்டை எடுத்து, நான் சொன்னதை எழுதிக்கொண்டாள்.