மூன்று கையெழுத்து வாங்கப் புனே போன கதை

புனேவுக்குப் பலர் கோட்டை ஏறப் போவார்கள், இல்லையென்றால் கணினி வேலைக்குப் போவார்கள். நான் 2006 ஜூலையில் போனது, குளியலறைக் குழாய் இறங்கும் துளையைத் தளத்தில் எந்த இடத்தில் விடுவது என்று முடிவு செய்ய. இதைப் பயணக் கட்டுரை என்று சொல்லலாமா தெரியவில்லை. வேலை விஷயமாக முதன்முறை தனியாகப் போகிற பெண்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

லோஹேகாவ் சாலையில் ஒரு பெண்கள் விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். வரைபடம் சென்னையிலுள்ள எங்கள் அலுவலகத்துடையது. கட்டுவது ஒரு நிறுவனம், குழாய் வேலை இன்னொன்று. மூன்றாம் மாடித் துளைகள் விஷயத்தில் இரண்டு மாதமாகக் கடிதப் போர். குழாய்க்காரர்கள், "நீங்கள் சொல்கிற இடம் தப்பு" என்று எழுதுவார்கள். கட்டுகிறவர்கள், "வரைபடத்தில் இருப்பதுதான் சரி" என்று பதில் போடுவார்கள். எல்லாவற்றுக்கும் எங்களுக்கு நகல் வரும். ஒருவரும் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசவில்லை.

சனிக்கிழமை காலை கான்கிரீட். அதற்குள் ஒரே வரைபடத்தில் மூன்று நிறுவனங்களின் கையெழுத்தும் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கட்டடம் எங்களுக்கு இல்லை என்று விடுதிக்காரர்களிடமிருந்து தகவல் வந்தது. போக வேண்டிய சீனியருக்கு மஞ்சள் காமாலை. "நீ போயிட்டு வாம்மா. மூணு கையெழுத்து, அவ்வளவுதான்" என்றார் எங்கள் சார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நாலு பேர் இருக்கும் அறையில் பேசிப் பழக்கமில்லை எனக்கு. அவ்வளவுதானாம்!

புதன் காலை 11.45க்குச் சென்ட்ரலில் ரயில். இரண்டாம் வகுப்புப் படுக்கை 365 ரூபாய், ஏறத்தாழ 1,090 கிலோமீட்டர். வியாழன் காலை 9.10க்குப் புனே, நாற்பது நிமிடம் தாமதம். கேம்ப் என்கிற பகுதியில் நாளுக்கு 350 ரூபாய்க்கு ஒரு லாட்ஜ். அங்கிருந்து சைட் ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 68 ரூபாய். மீட்டரில் குறைவாகத்தான் காட்டும். ஓட்டுநர் ஓர் அட்டையை நீட்டி இன்றைய கட்டணத்தைக் காட்டுவார். ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள், நான் நினைத்தேன்.

சைட் அலுவலகத்தில் வரைபடங்களைப் பதிவு செய்து வைக்கும் வேலையில் அமலா அக்கா இருந்தார். புனேயின் கோர்படியில் பிறந்து வளர்ந்தவர், பூர்வீகம் வேலூர்ப் பக்கம். என் பெயரைக் கேட்டதுமே, "அரே, நம்ம ஊர்ப் பொண்ணா! பெஹ்லே, மொதல்ல சாய் குடி. அப்புறமா இவங்க சண்டைய பாக்கலாம்" என்றார்.

சண்டை இரண்டு மணிக்குத் தொடங்கியது. கட்டுமான நிறுவனத்தின் பொறுப்பாளர் தேஷ்முக்கும், குழாய் நிறுவனத்தின் பாட்டீலும் மேசையின் இரு முனைகளில். இந்தி வேகமாகப் பறந்தது. என் காதோரம் அமலா அக்கா தமிழ்ப்படுத்தினார், கொஞ்சம் சொந்தச் சரக்கோடு. "பில்லர்லேர்ந்து தொள்ளாயிரம்னு இவர் சொல்றாரு. அவரும் தொள்ளாயிரம்னுதான் சொல்றாரு. ரெண்டும் ஒண்ணுதானே, அப்புறம் இன்னாத்துக்கு கத்தறாங்க? பைத்தியம்."

எனக்கும் புரியவில்லை. நான்கு மணி வரை நான் வாயே திறக்கவில்லை. "இன்னாம்மா, மௌன விரதமா?" என்றார் அக்கா, எல்லோரும் கலைந்த பிறகு.

லாட்ஜுக்குத் திரும்பும் வழியில்தான் தோன்றியது. பேச வராது, வரையச் சொல்லலாமே. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, அக்கா மூலமாகக் கேட்டேன்: கான்கிரீட் ஊற்றுவதற்காக அடித்திருந்த மூன்றாம் மாடி சென்ட்ரிங் பலகையின் மேல், இரண்டு பேரும் தங்கள் கையாலேயே துளையைச் சாக்பீஸில் வரைய வேண்டும். துளை வரும் மூலையில் மட்டும் கம்பி கட்டாமல் விட்டிருந்தார்கள். "சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று முணுமுணுத்தபடிதான் பாட்டீல் ஏணி ஏறினார்.

தேஷ்முக் மஞ்சளில் போட்டார், பாட்டீல் நீலத்தில். இருவரும் டேப்பை இழுத்து 900 மில்லிமீட்டர்தான் அளந்தார்கள். ஆனால் பாட்டீல் பில்லரின் நடுவிலிருந்து அளந்தார், தேஷ்முக் பில்லரின் முகப்பிலிருந்து. இரண்டு வட்டத்துக்கும் நடுவே 225 மில்லிமீட்டர். நீல வட்டம் நேராக உத்திரத்தின் மேல் விழுந்தது; அங்கே துளை போடவே முடியாது.

என் கையிலிருந்த வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு சுவர் நகர்ந்ததால் திருத்திய வரைபடத்தில், அம்புக்குறியை நடுவிலிருந்து முகப்புக்கு மாற்றியவள் நான்தான். எண் அதே 900. மாற்றிய இடத்தைச் சுற்றிக் கோடு போட்டுக் காட்ட மறந்தவளும் நான். எங்கள் வழக்கப்படி அது தேஷ்முக்குக்கு மட்டும் போனது; குழாய் நிறுவனத்துக்கு நாங்கள் நேரடியாக எழுதுவதில்லை. பாட்டீல் பழைய தாளில் குளியலறையை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார். எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் எண் அதில் இல்லை.

சும்மா இருந்திருக்கலாம். பாட்டீலின் தாள் பழையது என்று சொன்னால் போதும், தவறு அவர்மேல் போயிருக்கும். "அக்கா, தப்பு என்னோடதுன்னு சொல்லுங்க" என்றேன்.

"நிஜமாவா? நல்லா யோசிச்சுக்கோ."

"சொல்லுங்க."

அவர் சொன்னார். தேஷ்முக் என்னைப் பார்க்கவில்லை, பலகையையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "புதுத் தாள் வந்தது. எனக்கு இவன்மேல் வேறொரு விஷயத்தில் கோபம். அனுப்பவில்லை."

"ஃபைல்ல வெச்சது நானு. 'ரெஹனே தோ, கெடக்கட்டும்'னாரு இவரு" என்று தமிழில் என்னிடம் கிசுகிசுத்தார் அக்கா.

பாட்டீல் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "இரண்டு மாசமா இந்த ஆளைத் திட்டித் திட்டி எனக்கு இரத்த அழுத்தம்! இரண்டு மாசத்தில் ஒரு ஃபோன் நானும் பண்ணவில்லையே." நீல வட்டத்தைச் செருப்பாலேயே அழித்தார். பத்தரை மணிக்கு மூன்று கையெழுத்தும் ஒரே தாளில்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து சாரிடம் முழுவதையும் சொன்னேன். "தப்பையும் எழுதிக் குடு. இனிமே எந்தத் தாளா இருந்தாலும் மூணு பேருக்கும் ஒரே நாள்ல போகணும். அது உன் பொறுப்பு" என்றார். வேலை போகவில்லை என்பது எனக்கு உறைக்கச் சிறிது நேரம் பிடித்தது.

சனி காலை ஏழு மணிக்குக் கான்கிரீட் தொடங்கியபோது தூறல். பாட்டீலின் ஆட்கள் துளைக்காக வைத்த பெட்டிகளைப் பிடித்துக்கொள்ள, தேஷ்முக்கின் ஆட்கள் தார்ப்பாய் விரித்தார்கள். முந்தைய வாரம் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கக்கூட மறுத்தவர்கள் என்று அக்கா சொன்னார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஜூலையில் குடை போதாது, மழைக்கோட்டு வேண்டும். சைட்டுக்குச் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கேம்ப்பில் இட்லி கிடைக்கும், எட்டு மணிக்கு முன் போனால். பல நிறுவனங்கள் சேர்ந்து செய்யும் வேலை என்றால், ஆட்களை அறையில் உட்கார வைக்காதீர்கள், வேலை நடக்கும் இடத்தில் நிற்க வையுங்கள். உங்கள் பக்கத் தவறு தெரிந்தால் முதலில் நீங்கள் சொல்லிவிடுங்கள். அன்று என் தப்பைப் பெரிதாக்காமல் விட்ட அந்த மூவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

கிளம்பும்போது பாட்டீல் தன் எண்ணைக் கொடுத்து, "லெட்டர் வேண்டாம், கூப்பிடு" என்றார். நான்காம் மாடித் தாள் முடிந்த அன்று அவரைத்தான் முதலில் கூப்பிட்டேன். இந்தி தடுக்கித் தடுக்கி வந்தது. அளவு பில்லரின் முகப்பிலிருந்துதான் என்று சொல்லி முடிக்க எனக்கு நான்கு நிமிடம் ஆனது. அவர் அவசரப்படுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.