ஐந்து படிகளும் ஒரு தேசப்படமும்

பாடம் சொல்லிக்கொடுப்பதற்கு ஆகும் மூச்சைவிட, பாடம் சொல்லிக்கொடுக்கப் போவதாக எழுதிக் காட்டுவதற்கு அதிக மை செலவாகும் தொழில் எங்களுடையது. சாக்குக்கட்டித் தூளை மூக்கால் இழுத்துக்கொண்டு, நாளைய பாடக்குறிப்பை இன்றே எழுதித் தீர்க்கும் சக வாத்தியார்களே, நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. நம் வீட்டுக் கதைதானே என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் நிலைமை இது. சேலத்தில் டிரெயினிங் ஸ்கூல் படிப்பை முடித்துவிட்டேன். முடித்தால் மட்டும் முழு வாத்தியார் ஆகிவிட முடியாது. ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து நம் பாடத்தைப் பார்க்க வேண்டும். பார்த்து, சர்டிபிகேட்டில் 'திருப்தி' என்று எழுத வேண்டும். எழுதினால் வேலை நிலைக்கும். எழுதாவிட்டால் நாமக்கல் பக்கம் மாமாவின் கடலைக்காட்டில் களை பிடுங்க வேண்டியதுதான். அப்போது மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே போய்க் கல் சுமக்கலாம் என்றால், என் உடம்பைப் பார்த்து மேஸ்திரியே சிரிப்பான்.

பழகிய பிள்ளைகள்

எந்தப் பாடமானாலும் ஐந்து படி ஏற வேண்டும் என்பது டிரெயினிங் ஸ்கூலில் வேதவாக்கு. ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுவிதி காணல், பயன்படுத்தல். முதல் படியில் கேள்வி கேட்டுப் பிள்ளைகளுக்கு ஆவலைக் கிளப்ப வேண்டும். இரண்டாம் படியில்தான் படத்தைக் காட்டலாம். அதுவரை படம் சுவரைப் பார்த்துத் திரும்பித் தொங்க வேண்டும். முன்னதாகத் திருப்பிவிட்டால் மார்க் போய்விடும்.

நாங்கள் பழகிப் பார்ப்பதற்கென்றே பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் தலையில்தான் வருஷம் தவறாமல் எல்லோரும் ஐந்து படி ஏறுவார்கள். எனக்குக் கிடைத்தது யானைப் பாடம். பின் பெஞ்சியில் போதனாமுறை ஆசிரியர் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறார். "காட்டிலே எல்லாவற்றையும்விடப் பெரிய மிருகம் எது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பயத்தில் கை தானாகவே படத்துக்குப் போய்விட்டது. முன் பெஞ்சியில் இருந்த ஒரு பொடியன், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, என்மேல் உள்ள இரக்கத்தில் சொன்னான்:

"சார், இப்பவே திருப்பாதீங்க! நாங்க இன்னும் 'தெரியாதுங்க'ன்னு சொல்லவே இல்லீங்களே!"

பெட்டிக்குள் பூமி

எனக்கு வேலை கிடைத்தது சேலம் பக்கம் இளம்பிள்ளையைத் தாண்டி ஒரு நெசவாளர் ஊரில். இரண்டே வாத்தியார்கள். நான் ஒருவன், இன்னொருவர் தலைமை ஆசிரியர். ஊரில் அவருக்குப் பெரிய வாத்தியார் என்று பெயர். பெரிய வாத்தியாரிடம் ஒரு மரப்பெட்டி, அதற்குள் தலையணை உறை மாட்டிய ஒரு பூகோள உருண்டை, பெட்டிக்கு ஒரு பூட்டு, சாவி அவர் அரைஞாண் கயிற்றில். இரவும் பகலும் எப்படி வருகின்றன என்ற பாடத்துக்கு நான் குறிப்பு எழுதியபோது, "உபகரணம்: பூகோள உருண்டை" என்று கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னவர் அவர்தான். எழுதிவிட்டு உருண்டையைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் ஒரு பூசணிக்காயை வாங்கிவந்து, கதவிடுக்கு வெயிலில் பிடித்துச் சுற்றிக் காட்டினேன். பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பெரிய வாத்தியார் எட்டிப் பார்த்தார். அவ்வளவு நல்ல உருண்டையைப் பூட்டி வைத்துவிட்டுப் பூசணிக்காயோடு நிற்க வேண்டியிருக்கிறதே என்று நான் மெல்ல முனகினேன். அவருக்குக் கோபமே வரவில்லை. என் அறியாமைக்காக வருத்தப்பட்டார்.

"ஏனுங்க, பூசணிக்காய் ஒடஞ்சா கொழம்பு வெச்சுக்கலாம். பூமி ஒடஞ்சா மேல கேப்பாங்களே, நானல்லீங்களா பதில் சொல்லோணும்?"

கஞ்சி காய்கிறது

நெசவாளர் தெருவில் பாவு போட்டால் பள்ளிக்கூடம் காலி. தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பெரிய பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் ஆட்கள் நடந்து நடந்து தேய்ப்பார்கள். காய்வதற்குள் அறுந்த இழையை எல்லாம் முடிச்சுப் போட்டாக வேண்டும். அதற்குச் சின்ன விரல்தான் தோது. என் பாடக்குறிப்பில் இதற்கு இடமே இல்லை. 'மூன்றாம் படி, எட்டு நிமிஷம்' என்று எழுதி வைத்திருப்பேன். அந்த எட்டு நிமிஷத்தில் வாசலில் நாச்சிமுத்து நிற்பார்.

நாச்சிமுத்து எதிர்வீட்டு நெசவாளர். அவர் மகள் பாவாயி ஐந்தாம் வகுப்பு; எனக்கு உள்ளதில் நல்ல மாணவி. அன்று அவர் பாவாயியை மட்டும் கூப்பிடவில்லை. தெருப் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஆட்டுக்குட்டிகள் மாதிரி ஓட்டிக்கொண்டு கிளம்பினார். இன்னும் இரண்டு படி பாக்கி, முடித்துவிட்டு அனுப்புகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். ஆசாரி மகனும் செக்காட்டும் வீட்டுப் பையனும்தான் மிச்சம். அவர்களை வைத்துக்கொண்டு நான் பொதுவிதி கண்டேன். நாச்சிமுத்து போகிற போக்கில் மரியாதையோடுதான் சொன்னார்:

"கஞ்சி காஞ்சா பாவு போச்சுங்க, வாத்தியாரே. உங்க அஞ்சு படி எங்க ஓடிப் போகுது? நாளைக்கும் அங்கயேதான கெடக்கும்?"

வெளுத்த ஜில்லா

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தாக்கல் வந்தது. நான் நடத்த வேண்டிய பாடம் காவிரி. குறிப்பு முன்கூட்டியே ஆபீசுக்குப் போயிற்று: "உபகரணம்: சேலம் ஜில்லா தேசப்படம்." எங்கள் தேசப்படம் விட்டத்தின்மேல் சுருட்டிக் கிடந்தது. இறக்கிப் பார்த்தால் வௌவால் எச்சம் ஒரு பக்கம், கசங்கல் ஒரு பக்கம். துணியில் ஒட்டிய காகிதப் படம் அல்லவா? பெரிய வாத்தியார் யோசித்தார். துணி என்றால் நாச்சிமுத்து. "இதைக் கொஞ்சம் வெறப்பாப் பண்ணிக் குடப்பா, அழுக்கும் போகோணும்" என்று அவர் கையில் கொடுத்துவிட்டார்.

தன் ஆயுசில் கைக்கு வந்த துணிக்கு எல்லாம் என்ன செய்தாரோ அதையே நாச்சிமுத்து இதற்கும் செய்தார். கஞ்சியில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் இழுத்துக் கட்டிவிட்டார். விரித்துப் பார்த்தோம். மேலே ஒரு கட்டை, கீழே ஒரு கட்டை, நடுவில் பளபளவென்று வெள்ளைத் துணி. சேர்வராயன் மலையும் இல்லை, ஆறும் இல்லை, ஒரு தாலுக்கா எல்லைகூட இல்லை. எனக்குக் கடலைக்காடு கண்ணில் தெரிந்தது. நாச்சிமுத்துக்கு மட்டும் முகமெல்லாம் பூரிப்பு.

"கோடு கோடா, கலர் கலரா எத்தன அழுக்குங்க! ஒரு பொட்டு உடாம சொரண்டி எடுத்துட்டனுங்க."

நாற்காலி

கரும்பலகையில் காவிரியை நானே வரைந்துவிடுகிறேன் என்றேன். பெரிய வாத்தியார் ஒப்பவில்லை. குறிப்பில் தேசப்படம் என்று போய்விட்டது; ஆகவே தேசப்படம்தான் தொங்க வேண்டும். தொங்கவிட்டார். பிறகு இன்ஸ்பெக்டரின் நாற்காலியைத் தம் கையாலேயே தூக்கிவந்து, அந்த வெள்ளைத் துணிக்கு நேர் கீழே, பிள்ளைகளைப் பார்த்தாற்போல் போட்டார். அவர் வேலைக்கு வந்த நாளாகச் செய்த திட்டமிட்ட காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

இன்ஸ்பெக்டர் வண்டியை விட்டு இறங்கி நேரே வந்து அதில் உட்கார்ந்தார். வெள்ளைத் துணியைப் பார்த்தவர், இரண்டாம் படிவரை படம் சுவரைப் பார்த்துத் திரும்பித் தொங்குகிறது என்றே நினைத்திருப்பார். என் குறிப்பை மடியில் விரித்து வைத்துக்கொண்டார். நான் ஒரு படி ஏறினால் அவர் பென்சில் ஒரு கோடு போடும். மூன்றாம் படியில் அவர் தலையை நிமிர்த்தாமலே, "யாராவது ஒருவர் எழுந்து வந்து, காவிரி நம் ஜில்லாவுக்குள் நுழையும் இடத்தைத் தொட்டுக் காட்டட்டும்" என்றார்.

பாவாயி எழுந்தாள். அவர் நாற்காலிக்குப் பின்னால் போய், பிரம்பை எடுத்து, அவள் அப்பா தேய்த்த துணியில் 'டொக்'கென்று ஒரு தட்டுத் தட்டினாள். கஞ்சி போட்ட துணி நன்றாகவே சத்தம் போட்டது. "சரியான இடம்தானே?" என்று இன்ஸ்பெக்டர் குறிப்பைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரிய வாத்தியார், "அச்சு அசலா அதே எடமுங்க" என்றார். கோடு விழுந்தது.

ஐந்தாம் படி முடிந்ததுமே நான் ஓடிப்போய்ப் படத்தைச் சுருட்டிவிட்டேன். இன்ஸ்பெக்டர் எழுந்து, சுருட்டிய துணியை விரலால் தடவிப் பார்த்தார். "மற்ற ஊர்களில் தேசப்படத்தைத் தொடவே கூசுகிறது. இங்கேதான் இத்தனை சுத்தமாக வைத்திருக்கிறீர்கள்" என்றார். என் சர்டிபிகேட்டில் 'திருப்தி' என்று எழுதினார். கீழே, 'உபகரணங்களைக் கையாளும் முறை பாராட்டத்தக்கது' என்று ஒரு வரி அதிகமாகவும் எழுதினார். வண்டி கிளம்பிப் போயிற்று. பெரிய வாத்தியார் என் முதுகில் தட்டினார். வேலை நிலைத்தது. பாவாயி மட்டும் வீட்டுக்குப் போகாமல் பிரம்பைப் பிடித்தபடி என்னிடம் வந்தாள்.

"வாத்தியாரே, நான் தட்டுன எடத்துல நெசமாலுமே ஆறு வருதுங்களா?"

ஆகவே, திட்டமிட்டுப் பாடம் நடத்துவது என்றால் என்ன என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்டால், இன்ஸ்பெக்டருடைய நாற்காலியை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்று முதல் நாளே யோசித்து வைப்பதுதான் என்று நான் தயங்காமல் சொல்லிவிடுகிறேன்.