கிடேரியின் கடைசி மரு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். நான் சொன்ன ஒரு பொய் இதில் இருக்கிறது, அதனால்தான்.

எங்கள் கிடேரியின் கழுத்தில் காலிஃபிளவர் போல மரு கிளம்பியிருந்தது. வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு வந்த டாக்டரம்மா, அந்த மருவை உண்டாக்கும் வைரஸை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அது தோலுக்குள் எப்படிப் புகுகிறது என்று பார்க்கிறவர். லேசில் வளராதாம். மாட்டுத் தோலையே அடுக்கடுக்காக வளர்த்து, அதில்தான் அதை வளர்க்கவேண்டுமாம். மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு மருவை வெட்டிப் புட்டியில் போட்டார். இன்னும் இரண்டு ஊர் போகவேண்டியிருந்தது அவருக்கு.

"அண்ணா, காலையில வந்து எடுத்துக்கறேன். ஃபிரிட்ஜுல வெச்சிடுங்க."

ஃபிரிட்ஜில், மறுநாள் விடியலில் பிள்ளையார் அபிஷேகத்துக்கான பால் இருந்தது. அதன் பக்கத்தில் சதையை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஈரத்துணி சுற்றிக் கொட்டகையில் வைத்தேன். காலையில் அவர் கேட்டதற்கு, "ஃபிரிட்ஜுலதாம்மா இருந்துச்சு" என்று கூசாமல் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. "அழுகிப்போச்சுண்ணா. என் கைதான் சுத்தமில்ல போல. இன்னொரு மரு கெடைக்கலன்னா இந்த வேலையையே நிறுத்திடுவாங்க." குரல் உடைந்திருந்தது. பொறுக்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். "மரு இன்னும் இருக்குதா?" என்று மட்டும் அவர் கேட்டார்.

ஒன்றே ஒன்று இருந்தது. அவர் வருவதற்கு முன்பே அண்ணாமலையார் கோயிலில் உப்பும் மிளகும் போட்டு, மரு உதிரவேண்டுமென்று நான் வேண்டியிருந்தபடி, மற்றவையெல்லாம் உதிர்ந்துவிட்டன! திரும்பவும் ஓடினேன். அண்ணாமலையாரே, இந்த ஒன்றை மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளும் என்று கும்பிட்டேன்.

"இன்னாங்க, சாமியே கொழம்பிடுவாரு" என்று என் மனைவி சிரித்தாள். "மாட்டோட பாலு ஆவும், மரு மட்டும் ஆவாதா அவருக்கு?"

இரண்டு நாளில் டாக்டரம்மா வந்தார். மரு இருந்தது. வெட்டியெடுத்ததும், "ஃபிரிட்ஜுல வெக்கட்டுமாம்மா?" என்றேன்.

"வேணாம்ணா, அங்க சாமி இருக்காரு." தாம் கொண்டுவந்த ஐஸ் பெட்டியைத் தட்டிக் காட்டி அவர் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சில மாதம் கழித்து, "வளந்துடுச்சுண்ணா!" என்று அவர் போனில் கத்தினார். நானும் கத்தினேன். கிடேரி மிரண்டு திரும்பிப் பார்த்தது.

படித்தவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். அற்புதம் என்று கூட்டாதீர்கள், அந்தம்மாவின் உழைப்பைக் குறைக்காதீர்கள். என் பொய்யை மறைத்து என்னை நல்லவனாக்கவும் வேண்டாம். நடந்தது நடந்தபடியே போகட்டும்.