கை நனைத்த பிறகு

என் அப்பா யாரையும் லேசில் நம்ப மாட்டார். பரவை மார்க்கெட்டில் வெங்காயக் கடை வைத்திருக்கிறார். மூட்டையின் வாயில் பளபளவென்று இருப்பதை ஏறெடுத்தும் பார்க்காமல், முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பார். எனக்கு வந்த வரன்களையும் அப்படித்தான் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டுத் தெருவுக்கே போய் டீக்கடை, இஸ்திரி வண்டி, ரேஷன் கடை என்று ஒன்று விடாமல் விசாரித்துவிட்டு வந்து, "சரிப்படாது" என்று செருப்பைக் கழற்றுவார். அப்படியே எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை, நானும் அவர் மகள்தான். சிம்மக்கல்லில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்கிறேன். வருகிறவர்கள் சொல்லும் வருமானத்தை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

அப்போதுதான் பழங்காநத்தத்து வரன் வந்தது. போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? அப்பா இல்லாத பையன், அம்மா மட்டும், சொந்த வீடு. தொழில் என்னவென்று கேட்டால் தரகர் "ஆன்லைன்ல ஏதோ" என்று இழுத்தார். குடைந்து கேட்டதில் கிரிப்டோ என்று தெரிந்தது.

"அப்படின்னா?" என்றார் அப்பா.

"கண்ணுக்குத் தெரியாத காசுப்பா. கம்ப்யூட்டர்லயே வாங்கி, கம்ப்யூட்டர்லயே விக்கிறது."

"கவர்மெண்டு ஒத்துக்கிட்டதா?"

லாபத்தில் முப்பது சதவீதம் வரி என்று அரசாங்கம் வாங்கிக்கொள்கிறது. நஷ்டமானால் அதைக் கழிக்க விடுவதில்லை. விற்கும்போதே ஒரு சதவீதம் பிடித்துக்கொள்கிறது. வரிப் படிவத்தில் இதற்கென்று தனிப் பக்கமே உண்டு. ஆனால் இது செல்லுமா, இதற்கு என்ன சட்டம், ஏமாந்தால் யாரிடம் போய் நிற்பது என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. தடையும் இல்லை, அனுமதியும் இல்லை. இதை அப்பாவுக்கு எப்படிச் சொல்ல? "வரி வாங்குது, ஆனா ஒத்துக்கிடல" என்றேன். "அதெப்படி?" என்று என்னையே சந்தேகமாகப் பார்த்தார்.

மறுநாள் கடையைப் பெரியப்பா மகனிடம் விட்டுவிட்டுப் பழங்காநத்தம் கிளம்பினார். டீக்கடையில் உட்காரத்தான் திட்டம். ஆனால் மாப்பிள்ளை வீட்டு கேட்டிலேயே 'மாடி வாடகைக்கு' என்று அட்டை தொங்கியிருக்கிறது. இவருக்கு லட்டு தின்ன ஆசையா என்று கேட்டது போல் ஆகிவிட்டது. வீடு பார்க்க வந்தவராக நேரே உள்ளே போய்விட்டார். பையனுடைய அம்மா இவரை அதற்கு முன் பார்த்ததில்லை. பையன் வீட்டில் இல்லை. அந்த அம்மா சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்குக் கூட்டிப் போய், குழாயைத் திறந்து காட்டி, அட்வான்ஸ் பேச்சு வந்ததும் குரலைத் தாழ்த்தியிருக்கிறார்.

"அண்ணே, அட்வான்ஸ ரொக்கமாத்தான் குடுக்கணும். மகன் கணக்குலயும் வேணாம், என் கணக்குலயும் வேணாம். போட்டா உள்ள போயிரும், வெளிய வராது."

அப்பாவுக்குப் பொறி தட்டிவிட்டது. அடி வெங்காயம் கைக்கு வந்துவிட்டதல்லவா! 'வந்த வேலை முடிந்தது, கிளம்புவோம்' என்று திரும்பியிருக்கிறார். சர்க்கரை மாத்திரை போட்டவர், காலையில் சரியாகச் சாப்பிடவில்லை, உச்சி வெயில் வேறு. மூன்றாவது படியில் கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா பதறிப்போய் ஒரு வாய் சீனியைப் போட்டு, கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்து, இலை போட்டுச் சோறும் புளிக்குழம்பும் வைத்துவிட்டார். மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போதுதான் அப்பாவுக்கு உறைத்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசும் வீட்டில், பேசி முடிகிற வரை கை நனைக்க மாட்டோம். தண்ணீர் குடிக்கலாம், காபி குடிக்கலாம். சோற்றில் கை வைத்துவிட்டால் சரி என்று சொன்னதாகத்தான் அர்த்தம்.

"ஏங்க, புத்தி எங்கங்க போச்சு? கை நனைச்சுட்டா வந்தீங்க!" என்று என் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"நனைக்கலன்னா அங்கனயே செத்திருப்பேன்டி" என்றார் அப்பா. முகம் தொங்கிப் போயிருந்தது. உயிரைக் காப்பாற்றியவரிடம் பொய் சொல்லிவிட்டு வந்தது அவரை அரித்திருக்க வேண்டும். அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, நான்தான் பெண்ணின் அப்பா என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "பரவால்லண்ணே, கை நனைச்சாச்சுல்ல. இனிமே சம்பந்தின்னே கூப்புடுறேன்."

இனி அப்பாவால் முடியாது என்று தெரிந்துவிட்டது. நானே விசாரிக்கக் கிளம்பினேன். பையனைச் சிம்மக்கல்லில் எங்கள் ஆபீசுக்கு எதிரே இருக்கும் பேக்கரிக்கு வரச் சொன்னேன். போட்டோவைவிட மெலிவாக இருந்தார். டீ வருவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டேன்.

"கணக்கு ஏன் முடங்குச்சு?"

அவர் மழுப்பவில்லை. யாரோ ஒருவருக்குக் காயின் விற்றிருக்கிறார். அந்த ஆள் ரூபாயை இவர் கணக்கில் போட்டுவிட்டான். அது எங்கோ வடக்கே ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணம். அவர் புகார் கொடுக்க, அந்த ஊர் போலீஸ் பணம் போன வழியெல்லாம் பூட்டு போட்டுக்கொண்டே வந்துவிட்டது. இவர் அதில் கொஞ்சத்தை வீட்டுச் செலவுக்கு அம்மாவுக்கு அனுப்பியிருந்தார், அதனால் அம்மா கணக்கும் முடங்கிவிட்டது.

"வரி?"

"கட்டியிருக்கேன். பாருங்க" என்று போனை நீட்டினார். என் வேலையே அதுதானே, வரி வரியாகப் பார்த்தேன். ஒரு குறை இல்லை. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. இவ்வளவு சுத்தமாக யாரும் கொண்டு வந்து நான் பார்த்ததில்லை.

"வரி கட்டுறப்ப நான் நல்லவன், கணக்கு முடங்குனா நான் திருடன்" என்றார். அப்போது எனக்குச் சுருக்கென்றது. இந்த அரசாங்கமும் கை நனைத்துவிட்டு, சம்பந்தம் பேசாமல் எழுந்து போகிற ரகம்தான். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒரு கல்யாணத்துக்கு நாங்க தெருவையே விசாரிக்கிறோம். நீங்க முன்னப் பின்ன தெரியாத ஆள்கிட்ட அம்புட்டுப் பணத்த வாங்குறப்ப விசாரிக்கவே மாட்டீங்களா?"

"விசாரிச்சேன். ஆதார் வாங்குனேன், பான் வாங்குனேன், மூஞ்சியோட போட்டோ வாங்குனேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு." டீயைக் கலக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "உங்கப்பாவும் வீடு பாக்க வந்தேன்னுதானே சொன்னாரு. எங்கம்மா நம்புனாங்கல்ல?"

எனக்கு முகம் எரிந்தது. கோபமா வெட்கமா என்று தெரியவில்லை. அந்த நிமிஷம் அவரை ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"கணக்கு திறந்ததும் இதை விட்டுருவீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு விடணும்? சட்டம் வரப்போகுது. வந்துட்டா எல்லாம் சரியாயிரும். உலகம் பூரா இனி இதுதான்."

"வர்ற வரைக்கும்?"

அவர் கண்ணாடி அலமாரியில் இருந்த பன்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் சம்பளக் கணக்கு ஞாபகத்துக்கு வந்தது. நாளைக்கு இவர் பால் வாங்கச் சொல்லி நூறு ரூபாய் அனுப்பினாலும் அதற்கும் பூட்டு விழுமோ என்று நினைத்தேன். இப்படி ஒரு நினைப்போடு ஒருவர் பக்கத்தில் எப்படிப் படுத்துத் தூங்குவது?

வீட்டில் அப்பா வேறொரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். "வேணாம்னு எப்படிம்மா சொல்றது? கை நனைச்சிருக்கேன். சரின்னும் சொல்ல முடியல. சட்டம் வரட்டும், பாப்போம்." தினமும் காலையில் பேப்பரில் கிரிப்டோ மசோதா பற்றி ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்பார். பரிசீலனையில் இருக்கிறது என்று வந்திருக்கும். பையனுடைய அம்மா போன் செய்தால் எடுக்காமல் என்னைப் பார்ப்பார். மணி அடித்து அடித்து ஓயும். இப்படியே மாதக்கணக்கில் போனது. ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மத்தியானம் ஆபீஸ் மாடிப்படியில் நின்று நானே அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். பெண்ணே கூப்பிட்டுப் பேசுகிற வழக்கமெல்லாம் எங்கள் பக்கம் கிடையாது. யாரென்று சொன்னதும் "சொல்லு தாயி" என்றார். குரலில் அவ்வளவு ஆசை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். "இந்தச் சம்பந்தம் வேணாம்மா. உங்க மகன் மேல தப்பு இருக்குன்னு நான் சொல்லல. ஆனா என்னால பயந்துகிட்டே இருக்க முடியாது. அப்பா சாப்பிட்டுட்டுப் பதில் சொல்லாம இருக்கிறது எங்க தப்பு. அதுக்கு மன்னிச்சுருங்க."

"சரித்தா" என்றார். "பேங்குல கேட்டா போலீசக் கேளுங்குறான். இங்க போலீசக் கேட்டா அந்த ஊருல கேளுங்குறான். அந்த ஊருல போன எடுக்க ஆளு இல்ல. உண்டுன்னு சொல்லு, இல்லாட்டி இல்லன்னு சொல்லுன்னு இத்தன மாசமா நானும் ஒவ்வொருத்தருகிட்டயா கெஞ்சிப் பாத்துட்டேன். எங்களுக்குப் பதில்னு ஒண்ணு சொன்ன மொத ஆளு நீதாந்தா. நல்லா இரு."

போனைக் காதிலிருந்து எடுக்காமல் அங்கேயே நின்றேன்.