மரவேரடியில் கிடந்த பந்து

"...அநாதையாக் கிடந்தது பிள்ளை, ஆராவது மிதிச்சுப் போடுவினம் எண்டு எடுத்து வைச்சிருக்கிறன்" என்றபடி சின்னம்மா, சால்வை நுனியால் நன்றாகத் துடைத்த கோல்ஃப் பந்தை என் தோழியிடம் நீட்டினார்.

தோழி வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஆட்டத்தில் கிடக்கும் பந்தைக் கையால் தொடக்கூடாது என்பது எனக்கே தெரியும்.

மெல்பேர்னின் கிளென் வேவர்லியில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள் அவள். லாவோஸ் மலைகளிலிருந்து போருக்குத் தப்பி வந்த ஹ்மொங் இனக் குடும்பம். பெற்றோர் மெல்பேர்னுக்கு வெளியே காணி குத்தகைக்கு எடுத்துக் கீரை பயிரிட்டு, சனிக்கிழமைகளில் சந்தையில் விற்பார்கள். தகப்பனுக்குக் கோல்ஃப் பற்றித் தெரிந்ததெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்ததுதான். கீரைப் பாத்திகளுக்கு நடுவே பழைய மீன்வலை ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்குள் பந்தை அடிக்கச் சொல்லியே மகளைப் பழக்கிவிட்டார். இன்று அவள் தொழில்முறை ஆட்டக்காரி; இந்தக் கிழமை கொரியா, வருகிற கிழமை ஜப்பான் என்று பறந்துகொண்டிருக்கிறாள்.

சின்னம்மா பந்தை எடுத்த அன்றைக்கு எங்களுக்குப் பன்னிரண்டு வயது. மாநிலச் சிறுவர் அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் போட்டி. இடம் கிடைத்தால் பயிற்சி இலவசம். கிடைக்காவிட்டால் இத்தோடு போதும், சனிக்கிழமைகளில் சந்தைக்கு வா என்று தகப்பன் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பாள். அவர் தலையைத் தடவிக்கொண்டே சொன்னதுதான் அவளைப் பயப்படுத்தியது.

ஒவ்வொரு பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் வரவேண்டும் என்பது விதி. அவளுடைய வீட்டில் எல்லோரும் சந்தையில். என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை. மிஞ்சியவர், எங்களோடு தங்கியிருந்த சின்னம்மா. அகதியாகப் படகில் வந்து சேர்ந்த அவருக்கு அப்போது வேலை செய்ய அனுமதி இல்லை, ஆங்கிலமும் ஓடாது. "விளையாட்டுத்தானே, நிண்டு பாக்க என்ன" என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். அப்பா எங்களைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டுப் போனார்.

அந்த மைதானம் சின்னம்மாவைத் திகைக்க வைத்தது. "இவ்வளவு காணியையும் சும்மா புல்லுக்கு விட்டிருக்கினம். ஒரு மாட்டைக்கூடக் காணேல்லை" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் தோழிக்குச் சிரிப்பு வந்தது. பயம் கொஞ்சம் விட்டு நன்றாகவும் ஆடினாள். கடைசிக்கு முந்தைய குழியில்தான் பந்து சறுக்கி மரங்களுக்குள் போனது. எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த சின்னம்மா அதைக் கண்டு, நல்லது செய்வதாக நினைத்து எடுத்துவிட்டார்.

கூட ஆடிய பிள்ளையின் தகப்பன் கையை உயர்த்தினார். சின்ன மின்வண்டியில் நடுவர் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை, இடுப்பில் வோக்கிடோக்கி. சின்னம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

நடுவர் நல்ல மனிதர். பார்க்க வந்தவர் எடுத்தால் தண்டனை ஒன்றுமில்லை, கிடந்த இடத்தில் வைத்து ஆடலாம், இடத்தைக் காட்டினால் போதும் என்றார். எனக்கு மூச்சு வந்தது. மரங்களுக்கு இந்தப் பக்கம் வெட்டவெளி. அங்கிருந்து பார்த்தால் குழியில் நட்ட கொடி நேரே தெரிந்தது.

"எங்கை கிடந்தது எண்டு காட்டட்டாம் சின்னம்மா" என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் இஞ்சாலை காட்டுங்கோ." அங்கே தமிழ் யாருக்கு விளங்கப்போகிறது?

சின்னம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. யூகலிப்டஸ் மரத்தடிக்குப் போய்க் குனிந்து, இரண்டு வேர்களுக்கு நடுவே விரலை வைத்தார். மட்டையை வீசவே முடியாத இடம்.

நிச்சயம்தானா, அவசரமில்லை, யோசித்துச் சொல்லட்டும் என்றார் நடுவர். அதை நான் தமிழில் சொன்னதும் சின்னம்மா விரலை இன்னும் அழுத்தி வைத்தார்.

"சொன்னது சொன்னதுதான். பிறகு கூப்பிட்டுக் கேட்டாலும் இந்த இடத்தைத்தான் சொல்லுவன். எத்தினை பேர் கேட்டாலும் இதுதான். அப்பிடியே சொல்லு அவருக்கு."

அதில் பாதியைக்கூட நான் சொல்லவில்லை. தோழி பந்தை வேருக்குள் வைத்து, பக்கவாட்டில் வெளியே தட்டினாள். ஓர் அடி வீணானது.

ஆட்டம் முடிந்து முற்றத்தில் முடிவுக்காகக் காத்திருந்தோம். தோழி கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். சின்னம்மா வாங்கித் தந்த சிப்ஸை நான் தொடவில்லை; அவரை விட்டுத் தள்ளிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தப்பிவந்த இடத்தை முதல் விசாரணையில் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் சொன்னதால்தான் குடிவரவு அதிகாரிகள் சின்னம்மாவை நம்ப மறுத்தார்கள் என்பதை அப்போது எனக்கு யார் சொல்லியிருந்தார்கள்? வீட்டில் 'சின்னம்மான்ரை கேஸ்' என்ற பேச்சு, நான் குசினிக்குள் நுழைந்தாலே நின்றுவிடும்.

நடுவர் பெயர்களை வாசித்தார். கடைசிப் பெயராக அவளுடையது வந்தது. அவள் அப்படியே புல்லில் குந்தி முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு எழும்பி, தகப்பனுக்குத் தொலைபேசியில் சொல்ல ஓடினாள்.

நடுவர் எங்கள் மேசைக்கு வந்து, சிரித்த முகத்தோடு, கைகொடுக்கச் சின்னம்மாவுக்கு முன்னால் கையை நீட்டினார். சின்னம்மா கதிரையை விட்டு விறுக்கென்று எழுந்து, கைப்பையைத் திறந்து, குடிவரவு அலுவலகம் கொடுத்திருந்த அடையாள அட்டையை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.