ஒரு ஸ்டேஷன் முன்னால்

ஹீலர் வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. என் மகள் தலையில் கட்டியது. அவள் பத்தாவது படிக்கிறாள். ஆன்லைனில் ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ஒரு விளையாட்டு அவளுக்கு உயிர். குகைக்குள் போய்ப் பூதத்தை அடிக்க வேண்டும். ஒருவர் முன்னால் நின்று அடியெல்லாம் வாங்குவார், அவர் டேங்க். மூன்று பேர் பின்னாலிருந்து அடிப்பார்கள். மிச்சமிருக்கும் ஒருவர் அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவர்தான் ஹீலர்.

"நீ யாரையும் அடிக்க வேணாம்மா, எங்களப் பாத்துக்கினா போதும்" என்றாள். அதைத்தானே வாரம் பூராவும் செய்கிறேன், ஞாயிற்றுக்கிழமையுமா என்று கேட்டேன். கேட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

உட்காராமல் என்ன செய்வது? மற்ற நாளில் அவள் முகத்தை நான் பார்ப்பதே அபூர்வம். விடியும் முன்னே கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறி பெங்களூர் போகிறேன். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் ஆஸ்பத்திரி பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள். அவள் அப்பாவுக்கு ஃபேக்டரியில் செகண்ட் ஷிப்ட். பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து நான் திரும்பி வருகிற வரைக்கும் பிள்ளை வீட்டில் தனி. ஆக, மதியம் கறிச்சோறு சாப்பிட்ட கையோடு இரண்டு பேரும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன் உட்காரும் ஞாயிறுதான் எங்களுக்கு மிச்சம். அவள் டேங்க், நான் ஹீலர். மற்ற மூன்று பேரின் முகம் எனக்குத் தெரியாது, குரல்தான் தெரியும். சேலத்துத் தம்பி ஒருவன், பெங்களூரில் காலேஜ் படிக்கும் பெண் ஒருத்தி, எப்போது பார்த்தாலும் எதையோ மென்றுகொண்டே பேசும் இன்னொரு பையன்.

வாரம் முழுக்கத் தட்டச்சு செய்த மணிக்கட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் புதிதாக முளைக்குமா? அடிபட்டவர் யாரென்று பார்த்து, அவர் மேல் சொடுக்கி, பிறகு மருந்துக்கான பொத்தானைத் தேடி அழுத்துவதற்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார். இரண்டு வாரம் எல்லோரையும் சாகடித்த பிறகு மகள் சொன்னாள், மேக்ரோ எழுதிக்கோ என்று. நாலைந்து வேலையை ஒரே பொத்தானில் கட்டிவைப்பதுதான் மேக்ரோ. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் குளிப்பது, குக்கர் வைப்பது, டப்பா கட்டுவது எல்லாம் அப்படித்தான் நடக்கிறது.

அதைக் காலை ரயிலில் போனில் எழுதினேன். உட்கார இடம் கிடைக்காத நாட்களில் கம்பியில் சாய்ந்துகொண்டு எழுதினேன். மவுஸின் அம்பு யார் பெயர் மேல் நிற்கிறதோ அவருக்கு மருந்து போக வேண்டும். அம்பு யார் மேலும் இல்லையென்றால் டேங்குக்கு. டேங்க் நன்றாக இருந்தால் எனக்கு. இதைக் குழுவில் போட்டதும், "ஆன்ட்டி, உங்களையே கடைசியில வெச்சிருக்கீங்களே" என்று பெங்களூர்ப் பெண் உருகினாள். இதில் உருக ஒன்றுமில்லை. பின்னால் நிற்கும் ஹீலரைப் பூதம் அதிகம் சீண்டாது, அவ்வளவுதான். வேலைக்குப் போகும் பெண்பிள்ளை எதைச் செய்தாலும் அதில் தியாகத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள், எரிச்சலாக வருகிறது.

கடைசியாக ஒரு வரி பாக்கி இருந்தது. மருந்து அனுப்பும்போது மற்றவர்களுக்கு ஒரு குரல் கொடுக்க வேண்டும், அப்போதுதான் அவர்கள் பதறிப்போய்த் தங்களிடம் இருக்கும் மருந்துப் பாட்டிலை வீணாக்க மாட்டார்கள். அந்தக் குரலையும் மேக்ரோவிலேயே எழுதலாம். ஆனால் எழுதும் பெட்டி சின்னது. தமிழ் எழுத்தில் எழுதினால் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. சுருக்கமாக என்ன எழுதலாம் என்று யோசித்து ஆங்கில எழுத்தில் 'வ' வரும்படி இரண்டெழுத்து அடித்தேன். மீதியைப் போனே எழுதிக் கொடுத்தது: வந்துட்டேன். நல்லதாய்ப் போயிற்று என்று அதையே வைத்தேன்.

போனுக்கு அந்த வார்த்தை எப்படித் தெரியும் என்றால், தினமும் சாயங்காலம் நான் மகளுக்கு அனுப்புவது அது ஒன்றுதான். எங்கள் ரயிலில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் இருக்கிற ஸ்டேஷனைச் சொல்வதில்லை, அடுத்த ஸ்டேஷனைத்தான் சொல்வோம். திரும்பும் வழியில் மாலூர், டேக்கல், பங்காரப்பேட்டை என்று வரிசை. வண்டி மாலூரில் நிற்கும்போது போன் வந்தால் டேக்கல் தாண்டிட்டேன் என்போம். டேக்கலில் நின்றுகொண்டு, "பங்காரப்பேட்ட வந்துட்டேன்பா, இதோ" என்று பெட்டியே சேர்ந்து சொல்லும். பக்கத்தில் இருப்பவர் பொய் சொல்கிறார் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அடுத்த போன் நமக்கு வரும். இதை நான் பொய்யென்று நினைத்ததே இல்லை. வீட்டில் காத்திருப்பவருக்கு ஒரு ஸ்டேஷன் தூரத்தைக் குறைத்துக் கொடுக்கிறோம், அதிலென்ன குற்றம் என்றுதான் நினைத்தேன்.

சில்லறைப் பூதங்களோடு மோதிய வரைக்கும் மேக்ரோ நன்றாகவே ஓடியது. மணிக்கட்டு வலியும் குறைந்தது. அக்கா தேறிட்டாங்க என்று சேலத்துத் தம்பி சான்றிதழ் கொடுத்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய பூதத்திடம் போனோம். அது காலைத் தரையில் ஓங்கி மிதித்தால் ஐந்து பேருக்கும் பாதி உயிர் போய்விடும். அதற்குப் பெரிய மருந்துதான் கொடுக்க வேண்டும். பெரிய மருந்து உடனே போகாது, கையைத் தூக்கி மந்திரம் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஆனால் பொத்தானைத் தொட்ட நொடியே வார்த்தை மட்டும் போய்விடுகிறது.

பூதம் மிதித்தது. அழுத்தினேன். எல்லோருடைய திரையிலும் 'வந்துட்டேன்' என்று விழுந்தது. மருந்து இன்னும் என் கையில்தான் இருந்தது. பூதம் மறுபடி மிதித்தது. சேலத்துத் தம்பி விழுந்தான். பெங்களூர்ப் பெண் விழுந்தாள். மெல்லுகிற பையன் மெல்லுவதை நிறுத்தினான், அவனும் விழுந்தான், நானும் விழுந்தேன். என் மகள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள், கொஞ்ச நேரத்துக்கு.

"அக்கா, வந்துட்டேன்னு போட்டீங்களே, அதை நம்பித்தானே பாட்டிலைக் குடிக்காம நின்னேன்" என்றான் சேலத்துத் தம்பி. குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. பிறகு மகளைக் கேட்டான். "பாப்பா, நீ மட்டும் எப்படிப் பொழச்ச?"

"நான் பாட்டிலக் குடிச்சிட்டேண்ணா" என்றாள். "எங்கம்மா வந்துட்டேன்னா இன்னும் ஒரு ஸ்டேஷன் கீதுன்னு அர்த்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் அசிங்கமாக இருக்கும். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் தீர்ந்திருக்கும். ஆனால் அவள் கணக்குச் சொல்வது மாதிரி சொன்னாள். கண் திரையில்தான் இருந்தது. என் பிள்ளை என் வார்த்தையை நம்பாமல் பிழைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டீ போட்டுக்கொண்டு வந்து மேக்ரோவைத் திறந்தேன். அந்த வரியைக் கீழே தள்ளிப் பார்த்தேன், மேலே ஏற்றிப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் அது மருந்துக்கு முன்னால்தான் ஓடியது. மருந்து போய்ச் சேர்ந்த பிறகு பேசு என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வழியே இல்லை. வார்த்தையை மாற்றலாம், அவ்வளவுதான். 'ஆரம்பிச்சிருக்கேன், லேட்டாகும், உங்கள நீங்க பாத்துக்கங்க' என்று எழுதினேன். பெட்டி கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது.

"இன்னாம்மா இது, பயமுறுத்தற மாதிரி கீது" என்றாள் மகள்.

"நெஜம்னா அப்படித்தாண்டி இருக்கும்" என்றேன்.

அடுத்த தடவை பூதம் மிதித்ததும் ஆளாளுக்குப் பாட்டிலைக் குடித்தார்கள், என் மருந்து சாவகாசமாகப் போய்ச் சேர்ந்தது, பூதம் செத்தது. சேலத்துத் தம்பி கத்திய கத்தலில் என் காது அடைத்துக்கொண்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை. படுக்க வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. திரும்பி வரும்போது மாலூருக்கு முன்னால் சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. நான் இன்னும் மெசேஜ் போடாததால் மகளே போன் செய்தாள். பெட்டியில் என்னைச் சுற்றி எல்லோரும் போனில் மாலூர் தாண்டிக்கொண்டிருந்தார்கள். நானும் அதற்கே வாயைத் திறந்தேன், அப்புறம் மூடிக்கொண்டேன்.

"எங்கம்மா கீற?"

"மாலூரே இன்னும் வரலடி. சிக்னல்ல போட்டுட்டான். நான் வர லேட்டாகும்."

 

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

"சரி. அப்ப இன்னொரு தட்ட எடுக்காம நான் மட்டும் சாப்ட்டுடறேன்."

எந்தத் தட்டு என்று கேட்டேன். "உன் தட்டுதான். நீ வந்துட்டேன்னு மெசேஜ் போட்டதும் ரெண்டு தட்டு எடுத்து வெப்பேன். அப்பறம் சோறு ஆறிடும், திருப்பிச் சுட வெப்பேன்" என்றாள். நான் வீடு போய்ச் சேரும்போது சோறு சூடாக இருப்பது எப்படி என்று இத்தனை நாளில் ஒரு தடவையாவது நான் யோசித்ததில்லை.

"நான் சொல்றதத்தான் நீ நம்பறதில்லையேடி? இன்னும் ஒரு ஸ்டேஷன் கீதுன்னு தெரியும் இல்ல உனக்கு? அப்பறம் எதுக்கு எடுத்து வெக்கற?"

"ஒரு நாளு நெஜமா இருந்துட்டா இன்னா பண்றதும்மா?" என்றாள்.

தயிர் ஃபிரிட்ஜில் கீழ்த் தட்டில் இருக்கு, ஊத்திக்கினு சாப்பிடு, எனக்காகக் காத்திருக்காதே என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.